மங்கும் மாமாவின் துண்டும்

1971-ஆம் வருஷம் வைகாசி மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நடந்தது இது. வரதராஜர் கருட சேவைக்கு வந்து தங்கியிருந்த உறவுக்காரர்கள் எல்லாம் ஊர் திரும்பிய மறுவாரம். எதையும் மாதம் வருஷத்தோடு சொன்னால்தான் எனக்குத் திருப்தி. வீட்டில் என்னைப் 'பஞ்சாங்கம்' என்றுதான் கேலி செய்வார்கள். அந்தப் பழக்கம் ஒரு நேரத்தில் எனக்கே கைகொடுத்தது, அதனால் கேலியை நான் பொருட்படுத்துவதில்லை.

நான் பிறந்த ஊர் தென்னேரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு செய்யும் வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பேன். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவேன்.

நெசவு வீடு என்றால் பெண்களுக்கு வேலை வீட்டுக்குள் மட்டும் இல்லை. புடவையில் நீளவாட்டில் ஓடும் இழைகளைப் பாவு என்போம். விடியற்காலையில் அந்தப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டு, காய்ந்த பிறகு சுருட்டி உள்ளே எடுத்துப் போக வேண்டும். வெயில் நன்றாக ஏறும்வரை வீட்டிலிருக்கும் அத்தனை கைகளும் தெருவில்தான் இருக்கும். எங்கள் தெரு கிழக்கு மேற்காக ஓடுவது. சூரியன் கிளம்பியதும் தெருவின் முழு நீளத்துக்கும் வெயில் நேராக வந்து முகத்தில் அடிக்கும். பாவில் நிற்கிறவளுக்கு ஒதுங்க இடம் கிடையாது.

1970 மாசியில், இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் என்னை நிறுத்தி, "இன்னாக்கா, மூஞ்சி கழுவாம வந்துட்டியா?" என்றாள். உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். இரண்டு கன்னத்திலும் ஒரே அளவில், டிகாஷன் சிந்திக் காய்ந்தது போலப் பழுப்பு நிறத்தில் ஒரு படர்தல். நெற்றியில் கொஞ்சம். மேலுதட்டின் மேல் மீசை போட்டது மாதிரி ஒரு நிழல். வலியோ அரிப்போ இல்லை. ஆனால் எவ்வளவு கழுவினாலும் போகவில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர்தான், "இது மங்குதாம்மா. வயித்துல புள்ள இருக்கச்சே சில பேருக்கு வரும். பெத்ததும் போயிடும், கவலப்படாதே" என்றார். பிரசவத்துக்குத் தென்னேரி போய், ஆடியில் மகன் பிறந்து, ஐப்பசியில் கணவன் வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை சொன்னபடியே முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. முழுக்கப் போக வேண்டும் என்று அத்தை குமரக்கோட்டத்து முருகனுக்கு மாவிளக்குப் போட்டார். பாலில் ஜாதிக்காய் உரசித் தடவிவிட்டார். கார்த்திகை முடிவதற்குள் முகம் பளிச்சென்று ஆனது. நாங்கள் வேண்டுதலுக்குக் கொஞ்சமும் ஜாதிக்காய்க்குக் கொஞ்சமுமாக நன்றி சொல்லிக்கொண்டோம்.

தை பிறந்தது. மங்கு திரும்ப வந்தது. பங்குனியில், முன்பு இருந்ததைவிடக் கறுப்பாகப் பரவியது.

அதை எப்படிச் சொல்வது? யார் பேசினாலும் அவர்கள் பார்வை என் கண்ணில் நிற்காமல் கன்னத்தில் போய் நிற்கும். நான் முந்தானையை எடுத்து வாயைத் துடைப்பது போல முகத்தை மறைத்துக்கொள்வேன். பாவில் நிற்கும்போது அதற்கும் வழியில்லை, இரண்டு கையும் இழையில் இருக்கும். கடைக்குப் போவதை நிறுத்தினேன். விருந்தாளிகள் வந்தால் சமையலறையை விட்டு வரமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பத்திரிகையில் அழகுக் குறிப்பு படித்தேன். எலுமிச்சம்பழச் சாறு பூசினால் முகத்துக் கருமை மறையும் என்று போட்டிருந்தது. அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவருக்கும் உடனே பிடித்துவிட்டது.

"சரியாத்தாம்மா எழுதிக்கீறான். சாயம் தோய்க்கற எடத்துல பாத்ததில்ல? எலுமிச்சம்பழம் பிழிஞ்சாதான் பட்டே பளபளன்னு வருது. மூஞ்சிக்கு வராதா?"

என் படிப்பும் அவருடைய அனுபவமும் ஒரே பக்கம் சாய்ந்த பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்? சித்திரையில் ஒரு விடியற்காலை, பாதிப் பழத்தை முகம் முழுவதும் அழுந்தத் தேய்த்துக்கொண்டு, கழுவாமல் அப்படியே போய்ப் பாவில் நின்றேன். வெயில் ஏறியதும் முகம் எரிய ஆரம்பித்தது. வேலை செய்கிறது என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்த நாள் கன்னம் சிவந்து வீங்கியது. அதற்கடுத்த நாள் கொப்புளம். சாறு வழிந்த வழியெல்லாம், கழுத்து வரைக்கும், கோடு கோடாகக் கறுத்துப் போனது. பிள்ளை பால் குடிக்கும்போது என் முகத்தைத் தொட வரும். நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

அத்தைதான் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு லேடி டாக்டர். புதிதாக வந்தவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அத்தை குரலைத் தாழ்த்தி, "பெரிய வியாதி ஒண்ணும் இல்லியே டாக்டரம்மா?" என்று கேட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் குஷ்டம் என்று அர்த்தம். வாய்விட்டுக் கேட்காமல் மாதக்கணக்கில் அவர் மனசுக்குள் வைத்திருந்த பயம் அது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"சத்தியமா இல்ல. மங்குதான். யாருக்கும் ஒட்டாது. உடம்புக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. எலுமிச்சம்பழத்தைத் தடவிட்டு வெயில்ல நின்னதுதான் கொப்புளம்" என்ற டாக்டர், என்னிடம் கேட்டார்: "மங்கு எப்ப வந்தது, நடுவுல எப்பவாவது குறைஞ்சுதா, ஞாபகம் இருக்கா?"

பஞ்சாங்கத்திடம் கேட்கும் கேள்வியா? போன வருஷம் மாசியில் வந்தது, ஐப்பசி கார்த்திகையில் நன்றாகக் குறைந்தது, தையில் திரும்பியது, பங்குனியில் பரவியது என்று ஒப்பித்தேன்.

"ஐப்பசி கார்த்திகையில என்ன பண்ணினீங்க?"

அத்தை முந்திக்கொண்டார். "குமரக்கோட்டத்துல மாவிளக்கு போட்டோம் டாக்டரம்மா."

டாக்டர் சிரிக்கவில்லை. "ரொம்ப நல்லது. அதோட, எப்பவும் செய்யற வெளிவேலை ஏதாவது அப்ப செய்யாம இருந்தாங்களா?"

நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். தெருவில் பாவு போட முடியாது. நெசவாளர் வீடுகளில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மாதங்கள் அவை. நான் அந்த இரண்டு மாதமும் வாசல் பக்கமே போகவில்லை.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தோலுக்கு நிறம் கொடுக்கும் பொருள் ஒன்று எல்லார் உடம்பிலும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் உடம்பில் ஏற்படும் மாறுதல்களால் சிலருக்கு அது முகத்தில் அதிகமாகச் சுரக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு மெல்லக் குறையும். ஆனால் வெயில் பட்டால் குறைய விடாது, இன்னும் கூட்டிவிடும். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்பட்டு மேலும் கறுக்கும். ஆகவே எலுமிச்சை, ஜாதிக்காய், உரசல், தேய்ப்பு எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். புண் ஆறும்வரை போட ஒரு மருந்தும், ஆறிய பிறகு வெயிலுக்குப் போகும்போது பூச ஒரு வெள்ளைக் களிம்பும் கொடுத்தார்.

"களிம்பு பாதிதான். மீதி நிழல். வெயில்ல போனா தலையையும் முகத்தையும் துணியால மறைச்சுக்கணும். உடனே போகாது, மாசக்கணக்காகும். சுத்தமாப் போகும்னும் நான் சொல்லமாட்டேன். ஆனா குறையும்."

திரும்பி வரும்போது எனக்கு உடம்பே லேசானது போல இருந்தது. அத்தையோ வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னார்.

"எல்லாம் சரிம்மா. தாலி கட்டிக்கினவ முக்காடு போட்டுக்கினு தெருவுல எப்பிடி நிப்பே?"

எங்கள் தெருவில் முக்காடு என்றால் புருஷனை இழந்தவளுக்குத்தான், புருஷன் இருக்கிறவள் தலையில் துணி போடுவது அபசகுனம். அதுவும் பாவு நீட்டும் நேரத்தில், நாலு பேர் கண்ணெதிரில். குடை பிடிக்கலாம் என்றால் இழையை யார் பிடிப்பது? பாவுக்கு வராமல் உள்ளேயே இருக்கலாம் என்றால் ஆள் போதாது. புண் ஆறியதும் களிம்பை மட்டும் பூசிக்கொண்டு போய் நின்றேன். வியர்வையில் அது வழிந்து போனது.

கருட சேவைக்கு மாமாவின் தங்கை வாலாஜாபாத்திலிருந்து வந்தார். என் மாமனாரைத்தான் மாமா என்கிறேன். அவர் தங்கைக்கு எதையும் கூடத்தின் நடுவில் நின்று சொல்லித்தான் பழக்கம்.

"அண்ணி, மங்கு புடிச்ச மூஞ்சிய வச்சிக்கினு இவ பாவுல கை வெச்சா வூடு எப்பிடி விளங்கும்? இந்த மாசம் போட்ட பாவுல எத்தினி எழ அறுந்துது, பாத்தியா? புருஷனுக்கு ஆவாது, ஆமாம். முகம் தெளியற வரிக்கும் அம்மா வூட்டுக்கு அனுப்பு."

அத்தை அதை மறுக்கவில்லை. அவருக்கு என்மேல் கோபம் இல்லை, அது எனக்குத் தெரியும். தென்னேரியில் இருந்தால் எனக்கு வெயில் வேலை இருக்காது, முகமும் தெளியும், ஊர் வாயும் அடங்கும் என்று கணக்குப் போட்டிருப்பார். என் கணவரும், "கொஞ்ச நாள்தானே, போய் இருந்துட்டு வா" என்றார். கைக்குழந்தை என்னோடு வரலாம். பெரியவனை அடுத்த மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், அவன் இங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

'கொஞ்ச நாள்' என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாலு வீடு தள்ளி இருந்த ஒருத்தி, வேறு ஏதோ காரணத்துக்காகக் கொஞ்ச நாள் என்று அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் திரும்பி வந்தபோது அவள் பிள்ளை கதவருகே நின்று, "யாரும்மா வேணும்?" என்று கேட்டது. எனக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியில் புடவையை மடித்து வைத்தபோது பெரியவன் வந்து, "நான் ஸ்கூலுக்குப் போறதுக்குள்ள வந்துடுவல்ல?" என்றான். வந்துவிடுவேன் என்று சொன்னேன்.

அத்தையே என்னைக் கொண்டுவிட வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்தோம். குழந்தையை அத்தை தோளில் போட்டிருந்தார். கரைக்குக் கீழே சொர்ணவாரிப் போகத்து நெல் நடவு. வரிசையாகப் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் துண்டு. சிறு வயதிலிருந்து நான் பார்த்த காட்சிதான், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை நின்றுவிட்டார்.

கரையோரமாக நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு, தலையில் முன்பக்கம் நீட்டிக் கட்டிய துண்டு. அத்தை அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வூட்டுக்காரர் இருக்காரா?"

அவள் அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். "இருக்காரே. அதோ, அந்தக் கழனில பரம்படிச்சிக்கினு இருக்காரு பாரு. இன்னா வேணும் அவருகிட்ட?"

"ஒண்ணும் வேணாம். தலையில துணி போட்டுக்கினு இருக்கியே, அதான் கேட்டேன்."

"இது இன்னாடி வம்பாக்குது!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "வெயிலு இன்னா, எங்க வூட்டுக்காரரைக் கேட்டுக்கினா வருது?"

வரிசை முழுவதும் சிரித்தது. தலையில் துணி போட்டிருந்த அத்தனை பெண்களும், அத்தனை பேர் கழுத்திலும் தாலியோ கயிறோ மின்ன, சேற்றுக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டார். நான் பார்த்து வெகு நாளான சிரிப்பு அது.

அம்மா வீட்டில் அத்தை காபி குடித்தார். என் பெட்டியை அம்மா உள்ளே எடுத்து வைக்கப் போனபோது, "அது அங்கியே இருக்கட்டும் சம்பந்தியம்மா. அடுத்த பஸ்ஸு எப்ப?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்களேன். மகளை விட்டுட்டு உடனே கிளம்பணுமா?"

"வுட்டுட்டு எங்க போறேன்? கூட்டிக்கினு போறேன்."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் முழுக்கப் புரியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காரப் போன என்னை அத்தை இந்தப் பக்கம் தள்ளிவிட்டு, வெயில் விழுந்த பக்கத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். வாலாஜாபாத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"தோய்ச்ச பட்ட வெயில்ல போட்டா நெறம் கெட்டுடும்னு நெழலா பாத்துக் காயப் போடறோம். நூலுக்குத் தெரிஞ்சுது நமக்கு. உன் மூஞ்சிக்குத் தெரியல."

மறுநாள் எங்கள் வீட்டுப் பாவு. விடியும் முன்பே மாமா கொடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என் துண்டு எங்கடி?"

"வரும், வரும். தெருவுக்கு வா, காட்றேன்."

மாமாவின் ஈரிழைத் துண்டுகள் இரண்டும் அத்தையின் கையில் இருந்தன. பாவில் இழைகளைப் பிரித்து வைக்கச் செருகும் மெல்லிய மூங்கில் குச்சியை அளவாக ஒடித்து, துண்டின் முன் மடிப்புக்குள் வைத்துத் தைத்திருந்தார். தலையில் கட்டினால் நெற்றிக்கு முன்னால் சின்னத் தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். முக்காடு மாதிரி தொங்காது. ஒன்றை என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. முதலில் தன் தலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டார். கண்ணாடியில் பார்த்து நெற்றிப் பொட்டைப் பெரிதாக அழுத்தி வைத்துக்கொண்டார். தாலிச் சரட்டை எடுத்து ரவிக்கைக்கு வெளியே விட்டார். அதன் பிறகுதான் அடுத்த துண்டை என் தலையில் கட்டிவிட்டார்.

எங்கள் தெருவில் என் அத்தையைப் போல அந்தஸ்து பார்க்கிறவர் வேறு கிடையாது. கழனி வேலைக்காரி மாதிரி துண்டு கட்டிக்கொண்டு அவர் வாசலில் இறங்கியதும் தெருவே நின்றுவிட்டது.

எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. "இன்னா பெரிம்மா, நாத்து நடக் கெளம்பிட்டியா?"

"ஆமான்டி. உங்க வூட்டு வாசல்லதான் நடப் போறேன். சேறு கொழப்பி வை."

"மாமா நல்லாத்தானே இருக்காரு? தலையில துணி போட்டுக்கினு இருக்கியே!"

அத்தை திரும்பி, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி மாமாவைக் கூப்பிட்டார். "தே, இங்க வா. நீ நல்லாருக்கியான்னு கேக்கறாங்க, வந்து சொல்லிட்டுப் போ!"

மாமா தோளில் துண்டு இல்லாமல் வெளியே வந்தார். அப்படி அவரைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. "நான் நல்லாத்தாம்மா இருக்கேன். என் துண்டுதான் போச்சு" என்றார். பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் இழை அதிர்ந்தது.

அத்தை என் பக்கத்திலேயே நின்று முடிச்சுப் போட்டார். சூரியன் கிளம்பி, தெருவில் வெயில் நேராக வந்தது. மூங்கில் குச்சி தாங்கிய துணியின் நிழல் என் மூக்கு வரைக்கும் விழுந்திருந்தது. அன்று யாரும் என் கன்னத்தைப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் அத்தையின் தலைமேல்தான்.

ஆனியில் பெரியவனை ஒன்றாம் வகுப்பில் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அப்போதும் முகத்தில் மங்கு இருந்தது. மெல்ல மெல்ல, அந்த வருஷத் தீபாவளிக்குள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வெளுத்தது. டாக்டர் சொன்னது போலவே சுத்தமாகப் போகவில்லை, ஒரு சாயல் தங்கிவிட்டது. 1974-ல் மூன்றாவது பிள்ளையின்போது மறுபடி வந்தது. அதற்குள் எங்கள் தெருவில் பாவு நீட்டும் பெண்களில் பாதிப் பேர் தலையில் துண்டு இருந்ததால் அதை யாரும் ஒரு செய்தியாகப் பேசவில்லை. மாமாவின் தங்கை மட்டும் வரும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். ஒரு முறை கோடையில் வந்தவர், கிளம்பும்போது அத்தையிடம் தனியாக, அந்தக் குச்சியை எந்த அளவுக்கு ஒடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

என் அத்தையின் முகத்தில் ஒரு பொட்டு மங்குகூடக் கிடையாது. அந்தத் துண்டு அவருக்குத் தேவையே இல்லை. இன்றும் வெயிலில் இறங்கும்போது தலைத்துணியை நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வேன். தனக்குத் தேவையில்லாத ஒன்றை எனக்காக முதலில் தன் தலையில் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய அந்த நடை அப்போதெல்லாம் என் பக்கத்திலேயே வருவது போல இருக்கும்.